இருக்கும் இல்லமும் விழையும் மாளிகையும்



இல்லறத்தில் நின்று சிவபூசை இயற்றும் அன்பர்கள் இந்நாளில் எம்மை அடிக்கடி வினாவும் வினா ஒன்றுண்டு. மேலோட்டமாகப் பார்க்குங்கால் அது கொத்தனாரிடத்தும் வங்கியினரிடத்தும் கேட்டுத் தெளியத்தக்க உலகியல் வினாவே போலத் தோன்றும். ஆராயப்புகின், சித்தாந்த சாத்திரத்தின் நடுவிடத்துக்கே நம்மை அழைத்துச் செல்லும். "குடியிருத்தற்குப் போதிய வீடு ஒன்று எமக்கு உளது. அதனை விடுத்து, அதனினும் பெரியதும் வசதி மிக்கதும் ஆகிய வீடொன்றனை வாங்க எண்ணுகின்றோம். அதற்காகும் பொருளும் உழைப்பும் தகுமா?" என்பதே அவ்வினா.

துறவறத்தார்க்கு இதனால் ஆவதென்னை என்று ஒரு சிலர் நினைத்தல் கூடும். இல்லறத்தார் இதனைக் கொண்டுசென்று வினாவுவது பெரும்பாலும் துறவறத்தாரிடத்தேதான். ஆகலின், இதன் விடை முதற்கண் அவர்க்கே தெளிவாதல் வேண்டும். அன்றியும், மடங்களும் மனைகளே. அதனைப் பின்னர்க் கூறுதும்.

இவ்வினாவுக்கு எளிதாகச் சொல்லத்தக்க விடைகள் இரண்டு உள. "உடம்பே நிலையாத குடில், இதனுள் இருந்துகொண்டு வேறு குடில் தேடுதல் பேதைமை" என்று கூறி வினாவியவரை அனுப்பிவிடுதல் ஒன்று. "இறைவன் கொடுக்கின்றான், நீ நுகர்க, மனம் பற்றற்றிருப்பின் மாளிகையும் குடிசையும் ஒன்றே" என்று அவர் விரும்பிய வண்ணமே சொல்லி மகிழ்வித்தல் மற்றொன்று. இரண்டும் கேட்போர்க்கு இனியன; ஆயின் இரண்டும் நம் ஆசாரியர் நெறியல்ல என்பதே எமது துணிபு. என்னை? முன்னையது மாயையின் பயனை மறந்தது. பின்னையது உயிரின் இயல்பை மறந்தது.

மாயையின் பயனாவது யாது? உயிர்கட்கு இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்துக் கொடுப்பன தனு, கரணம், புவனம், போகம் என நான்கு. வீடு என்பது இவற்றுள் புவனத்தின் ஒரு கூறாகவும் போகத்திற்கு இடமாகவும் நிற்பது. ஏகான்மவாதியார் கூறுமாறு மாயை பொய்த்தோற்றமன்று; உள்பொருளே. மலமென எண்ணப்படுவதாயினும், ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் உயிர்க்குச் சிறிதளவேனும் அறிவு விளங்கச் செய்வது அது. விடியும் வரையில் விளக்கு உதவுதல் போல, திருவருள் ஞாயிறு எழும் வரையில் மாயாகாரியங்கள் உதவும் என்பது உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் காட்டிய உவமை. ஆகலின், வீட்டை இகழ்தல் விளக்கை இகழ்தலாம். மழை ஒழுகும் கூரையின்கீழ் நனைந்த ஆடையோடு பூசை செய்தல் தவமென்று எந்த ஆகமமும் விதிக்கவில்லை. ஆயின் விளக்கின் தகுதி, தன்னொளியால் அது பிறவற்றைக் காட்டுதற்கண் உள்ளது. பொன்னாலும் மணியாலும் இழைத்த விளக்கொன்றைக் கொணர்ந்து வைத்து, அதன் வேலைப்பாட்டையே இரவெல்லாம் பார்த்திருப்பார்க்கு அவ்வொளியாற் காணத்தக்க பொருள் காணப்படாதே கழியும்.

இனி, உயிரின் இயல்பு. சார்ந்ததன் வண்ணமாய் நிற்றல் உயிரின் இலக்கணம் என்பதனை மெய்கண்டார் மரபினர் யாவரும் நன்கறிவர். படிகம் தன்னருகே வைத்த பூவின் நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுமாறு போல, உயிரும் தான் எதனைப் பற்றுகின்றதோ அதுவாய் நிற்கும். இவ்விலக்கணத்தைப் பாசத்தில் அழுந்துதலும் சிவத்தில் அடங்குதலும் பற்றிப் பேசுங்கால் எடுத்தோதுகின்றோம். நாள்தோறும் பதினான்கு மணி நேரம் நாம் உறையும் மனையைப் பற்றி எண்ணுங்கால் எளிதில் மறந்துவிடுகின்றோம். மாளிகையும் குடிசையும் ஒன்றே என்பது, படிகத்தின் பக்கத்தே செம்பூ வைப்பினும் நீலப்பூ வைப்பினும் ஒன்றே என்பது போலாம். சீவன்முத்தர்க்கு அஃது ஒக்கும். நாமோ சரியை கிரியைகளில் நின்று மெல்ல மெல்ல ஏறும் நிலையினேம். நம்மைப்போல்வார் எதனைச் சாரப்போகின்றோம் என்பதனை முன்னரே ஆராய்தல் வேண்டும். ஆகலின், வினாவை மாற்றிக் கேட்டல் நலம்: இப்புதிய மனை எம்மை எதனைச் சாரச் செய்யும்? இப்பழைய மனை இப்பொழுது எம்மை எதனைச் சாரச் செய்கின்றது?

பொதுமையாற் பேசின் இது விளங்காது. மயிலாடுதுறையில், மயூரநாதர் திருக்கோயிலுக்கு நடந்தே சென்று மீளும் தொலைவில், 900 சதுர அடி அளவுள்ள ஓட்டு வீட்டில் வாழும் அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர்க்கு அகவை 42. மனைவியும் மக்கள் இருவரும் முதுமையெய்திய தாயும் உடனுறைகின்றனர். வாயிலில் திண்ணை; உள்ளே சிறு முற்றம். பூசைக்குத் தனியறை இல்லாமையால், கூடத்தின் ஈசானிய மூலையில் திரையிட்டு ஆன்மார்த்த பூசை செய்கின்றார். மாலையில் பள்ளியினின்றும் மீண்டு, கால் கை கழுவித் திருநீறணிந்து, சாயரட்சை வழிபாட்டிற்குக் கோயிலுக்குச் செல்லத் தவறுவதில்லை. இவர், ஊர்ப்புறத்தே நெடுஞ்சாலையை அடுத்து மதில் சூழ்ந்த புதிய குடியிருப்பில் 2,400 சதுர அடியில் மாடி வீடொன்றனைக் காண்கின்றார். குளிர்சாதனம் பொருத்திய அறைகள், பளிங்குத் தளம், உந்துவண்டி நிறுத்த இடம், எல்லாம் அமைந்தது. விலை 80 லட்சம் ரூபாய்.

பழைய வீட்டை விற்றும் சேமிப்பைத் திரட்டியும் எஞ்சிய 50 லட்சத்தை 20 ஆண்டுக் கடனாக வாங்குகின்றாரென்க. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 8.5 ஆயின், மாதத் தவணை 43,391 ரூபாய். முதல் மாதத் தவணையில் 35,417 ரூபாய் வட்டிக்கே போகும். கடனிற் கழிவது 7,974 மட்டுமே. 240 தவணைகளும் செலுத்தி முடிக்குங்கால் அவர் கொடுத்திருப்பது ஒரு கோடியே 4 லட்சத்துக்குச் சற்று மேலாகும். வாங்கிய கடனைக் காட்டினும் வட்டியே மிகுதி. இஃதன்றி, தமிழ்நாட்டில் மனையோடு கூடிய வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2023 முதல் நூற்றுக்கு 2. 80 லட்சத்துக்கு இவ்விரண்டும் 7 லட்சத்து 20 ஆயிரமாம். அரசு ஊழியர் ஓய்வு பெறும் அகவை 2021-இல் 60 ஆக்கப்பட்டது. இவர் கடன் முடிவது 62-ஆம் அகவையில்.

தத்துவம் பேசும் இதழில் தவணைக் கணக்கா என்று முகஞ்சுளிப்போர் பொறுத்தருள்க. இக்கணக்கிலேதான் பாசம் தன் வேலையைச் செய்கின்றது. பொருளிழப்பை யாம் பெரிதாகக் கருதுகின்றிலேம். இவருடைய ஊதியம் 90,000 எனக் கொள்ளின், அதிற் பாதிக்கு அணித்தாய தொகை தவணைக்கே போய்விடும். குறைவை நிரப்ப இவர் செய்யக்கூடியது ஒன்றே: மாலைப்பொழுதில் மாணாக்கர்க்குத் தனிப்பாடம் சொல்லுதல். பாடம் சொல்லுதல் நற்றொழிலே, அதில் இழிவில்லை. ஆயின் மாணாக்கர் வருவது மாலை ஆறு மணிக்கு. சாயரட்சை நிகழ்வதும் அப்பொழுதே. கோயிலோ இப்பொழுது நடைத்தொலைவிலும் இல்லை. ஓராண்டு இரண்டாண்டில் மாலை வழிபாடு வெள்ளிக்கிழமைக்குச் சுருங்கும். பின்னர்ப் பிரதோடத்துக்குச் சுருங்கும். பின்னர், "ஆருத்திராவுக்குப் போனோமே" என்ற அளவில் நிற்கும். வீட்டின் விலை 80 லட்சம் என்று பத்திரத்தில் எழுதுகின்றார்கள். இருபது ஆண்டுச் சாயரட்சை அப்பத்திரத்தில் எழுதப்படுவதில்லை; கொடுக்கப்படுவதென்னவோ அதுவே.

"ஊழ் கூட்டிய மனையை யாம் விலக்குதல் எங்ஙனம்? சாதகத்தில் வீட்டு யோகம் உளதென்று சோதிடரும் சொல்லினர்" என்பார் உளர். பிராரத்தம் நுகர்ந்தே கழியத்தக்கது என்பது உண்மை. ஆயின் அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்புக்களால் ஆகாமியம் ஏறுதலும் உண்மை. தந்தைவழி வந்த பெருமனையில் பிறந்து வாழ்வார்க்கு அது பிராரத்த போகம். அவர்க்கு அதனை விட்டோடுக என்று யாம் சொல்லேம். முயற்சியும் ஊழின்பாற்படுமென்று சாதிப்பாரோடு ஈண்டு வாதிடவும் புகேம். அங்ஙனமே ஆயினும், "யான் கட்டினேன், எனது மாளிகை, என் உறவினருள் எவர்க்கும் இஃது இல்லை" என்று உள்ளெழும் சொல் எவ்வினையின் பாற்பட்டது? அச்சொல்லுக்கு இடங்கொடாது புதுமனை புகுவார் சிலர் உளர். அவர் மிகச் சிலர். புதுமனை புகுவிழாவன்று விருந்தினரை அறை அறையாக அழைத்துச் சென்று காட்டுவோர் முகத்தை உற்று நோக்கினார்க்கு யாம் கூறுவது விளங்கும்.

இவ்விடத்தே இளையான்குடி மாறனார் திருவரலாறு நினைவுக்கு வருகின்றது. அவர் முதலில் வறியரல்லர். வளம் மிக்க மனையுடையராய், அடியார் எத்துணையர் வரினும் எதிர்கொண்டு திருவமுது படைத்தவர். செல்வம் சுருங்கியபின்னும் அச்செயல் சுருங்கவில்லை. மழை பொழியும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வந்தபொழுது, அன்று பகலில் விதைத்த நெல்லை வயலினின்றும் வாரிக் கொணர்ந்தார். அதனைச் சமைக்க விறகில்லை என்று மனைவியார் கூறியபொழுது தம் வீட்டுக் கூரையின் மரத்தை வெட்டி வீழ்த்தினார். இவ்வரலாற்றைச் சொற்பொழிவாற்றுவோர் நெல்வாரிய நிகழ்ச்சியையே விரித்துரைத்து, கூரையை ஒரு சொல்லில் கடந்துபோவர். எமக்கோ கூரையே பெரிதாகத் தோன்றுகின்றது. விதை நெல்லை எடுத்தல் வருமாண்டு உணவை இழத்தல். கூரையை வெட்டுதல் அவ்விரவே நனைதல். தாம் உறையும் மனை அடியார்க்கு அமுதாக்கும் கருவி என்ற எண்ணம் நெடுநாள் ஊறிக் கிடந்தாலன்றி, மழைநாளில் கூரைமேல் அரிவாள் வீச ஒருவர்க்குக் கை எழாது. செல்வராயிருந்த காலத்து மாளிகையையும் அவர் அக்கண்கொண்டே பார்த்திருந்தார் என்பது இதனாற் பெறப்படும். ஆகலின், பெரிய மனையில் வாழ்ந்த மாறனாரை இழித்து, சிறிய மனையில் வாழ்ந்த மாறனாரை உயர்த்துதல் சேக்கிழார் கருத்தன்று.

அக்கண்ணை நம் ஆசிரியர் காணும் புதிய மனையின்மேற் செலுத்துவோம். பழைய வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கர் ஒருவர் யார் அனுமதியும் பெறாது அமரலாம். தலயாத்திரை செய்யும் அடியார், "ஐயா, சிறிது தண்ணீர்" என்று வாயிலில் நின்று கேட்கலாம். மதில் சூழ்ந்த குடியிருப்பிலோ புறவாயிலில் காவலர் இருப்பர். வருவார் பெயரையும் வீட்டெண்ணையும் ஏட்டில் எழுதுவர். வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து உடன்பாடு பெற்றபின்னரே உள்ளே விடுவர். கள்வர்க்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு அது, அதனைக் குறைகூறேம். ஆயின் இன்னாரென்று தம்மை அறிவியாது நள்ளிரவில் வரும் அடியார் அவ்வாயிலைக் கடத்தல் எங்ஙனம்? மாறனார் வாயிலில் வந்தவர் யாரென்பது விருந்து முடியும் வரையில் எவர்க்கும் தெரியாதிருந்தது. பெருமனையில் விருந்தினர்க்கென்று குளியலறையோடு கூடிய தனியறை வைத்திருப்பர். அவ்வறை ஆண்டு முழுதும் பூட்டிக் கிடக்கும். திண்ணையோ ஒரு நாளும் பூட்டப்படுவதில்லை.

இதுகாறும் கூறியவாற்றால் பெருமனை யாவும் தள்ளத்தக்கன என்பது எம் கருத்தென்று கொள்ளற்க. பூசலார் நாயனார் வரலாற்றைச் சிலர் அங்ஙனமே எடுத்தாளுகின்றனர். காடவர்கோன் காஞ்சியில் எழுப்பிய கற்றளியை இறைவன் புறக்கணித்து, திருநின்றவூரில் பூசலார் நெஞ்சிற் கட்டிய ஆலயத்தையே விரும்பினான் என்பர். அவ்வரலாற்றைச் செவ்வனே நோக்குக. இறைவன் மன்னன் கனவில் தோன்றிக் கேட்டது நாளினை மாற்றுக என்பதே. கற்றளி வேண்டாம் என்றானில்லை. அம்மன்னனை ஆராய்ச்சியாளர் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பல்லவனாகக் கொள்வர். அவன் எடுத்த கயிலாசநாதர் கோயில் இன்றும் நின்று வழிபாடு பெறுகின்றது. பூசலாரும் முதலில் புறத்தே கோயில் எடுக்கவே விரும்பிப் பொருள் தேடினார். எங்கும் கிடைக்காமையால் உள்ளத்தே எடுக்கத் தொடங்கினார். உள்ளத்தே எடுத்ததாயினும் அடிநிலை முதற்கொண்டு உபானமும் சிகரமும் தூபியும் திருமதிலும் கிணறும் திருக்குளமும் ஒன்றும் குறையாது, இரவிலும் துயிலாது எடுத்தார். இங்கு நாம் கொள்ளத்தக்கது முறைமுதன்மை. எது முதலிற் குடமுழுக்குப் பெறுதல் வேண்டும் என்பதனை இறைவன் தெரிவித்தான், அவ்வளவே.

மதிப்புக் குறித்து மனை தேடுவார்க்கும் ஒரு சொல். "மகளுக்கு வரன் வருங்கால் இவ்வோட்டு வீட்டையா காட்டுவது?" என்னும் கவலை பெற்றோர்க்கு மெய்யானது, அதனை நகையாடல் தகாது. எனினும், நம் சந்தானாசாரியருள் நான்காமவராகிய உமாபதி சிவாசாரியார் தில்லைவாழந்தணருள் ஒருவராய்ச் சிவிகையும் பகற்பந்தமும் முதலிய சிறப்புக்களோடு வாழ்ந்தவர். மறைஞான சம்பந்தர் சொல்லொன்று கேட்டு அச்சிவிகையினின்றும் இறங்கினார். பின்னர்த் தில்லையின் புறத்தே கொற்றவன்குடியில் உறைந்தார். அவர் இறங்கியதனால் இழந்தது தில்லைவாழந்தணர் தந்த மதிப்பு. சித்தாந்த அட்டகம் எனப் போற்றப்படும் எட்டு நூல்களும் அவர் அருளியனவே; இன்று நாம் அவரைக் கொற்றவன்குடி முதலியார் என்று அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றோம்.

மடங்களைப் பற்றிப் பின்னர்க் கூறுதும் என்றேம். ஆதீனங்களின் பெருங்கட்டடங்களைக் கண்டு, "துறவிக்கு இத்துணைப் பெரிய மனை எதற்கு?" என்று வினாவுவார்க்கு விடை அக்கட்டடங்களின் பழைய பயனிலேயே உளது. திருவாவடுதுறையில் சுப்பிரமணிய தேசிகர் காலத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பாடஞ் சொல்ல, மாணாக்கர் பலர் அங்கேயே உண்டு உறைந்து பயின்றனர். அவருள் ஒருவர் பின்னாளில் பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர். அம்மனை பெரிதாயிருந்தமை பலர் அதனுள் இருந்தமையால். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள் தமக்கென்று இல்லறமும் மேற்கொள்ளாது, 1848-இல் வண்ணார்பண்ணையிலும் 1864-இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார்கள்; அவர்கள் கட்டிய மனைகள் அவையே. இன்று புதுக்கப்படும் மடாலயங்களிலும் வரைபடம் எழுதுவார் முதலில் எதனை வரைகின்றனர், அடுக்களையையா, பாடசாலைக் கூடத்தையா, வரவேற்பறையையா என்பதனை உரியோர் உற்று நோக்குவாராக. இதன்மேல் யாம் சொல்லுதல் மிகை.

இனி நம் ஆசிரியர்பால் மீள்வோம். அவர் தாயார்க்கு முழங்கால் நோவு. பழைய வீட்டின் கழிப்பிடம் கொல்லைப்புறத்தே, மூன்று படி இறங்கிச் செல்லும் இடத்தில் உள்ளது. மக்கள் இருவரும் வளர்ந்துவருகின்றனர். படிப்பதற்குத் தனியிடம் இல்லை. பூசைக்குத் திரையிட்ட மூலையே உளது. மழைக்காலத்து ஓடு ஒழுகுகின்றது. இவை யாவும் ஆசையின்பாற் படுவனவல்ல. தாயை மழையிலும் இருளிலும் படியிறங்கச் செய்து, "எமக்கு மனைமேற் பற்றில்லை" என்று பெருமை பேசுதல் ஆணவத்தின் வேறொரு வடிவமேயாம். ஆகலின், இவர் ஒன்றும் செய்யாதிருத்தலும் தகாது. ஆயின் இக்குறைகளுள் எதற்கும் 2,400 சதுர அடி வேண்டுவதில்லை, பளிங்கும் வேண்டுவதில்லை. இருக்கும் இடத்திலேயே ஓட்டைப் பிரித்து மச்சுப் பாவி, வீட்டினுள்ளேயே தாயார் அறையை ஒட்டிக் கழிப்பறை அமைத்து, மேலே மக்கள் படிக்க ஓர் அறையும் கீழே ஈசானியத்தில் கதவுடன் கூடிய பூசையறையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கடன் வேண்டின் 10 லட்சத்துக்குள் அமையும். அத்தொகையை அதே வட்டியில் 10 ஆண்டுக்கு வாங்கினும் தவணை மாதம் 12,399 ரூபாயே. 52 அகவையிற் கடன் தீரும். சாயரட்சை தவறாது.

அவர் துணைவியார் புதுவீட்டை விரும்புகின்றாரென்க. அவ்விருப்பத்தையும் இகழாது கேட்டறிதல் கணவர்க்குக் கடன். கேட்குங்கால், அவர் வேண்டுவது பெரும்பாலும் புகை சூழாத அடுக்களையும், வேனிலில் உறங்கத்தக்க அறையொன்றும், துணி உலர்த்த மாடியுமேயாக இருத்தல் கூடும். இருபது ஆண்டு அடுப்படியில் நின்றவர் கேட்கும் அவற்றை ஆடம்பரம் என்று பெயரிட்டு ஒதுக்குதல் நேர்மையன்று. அவற்றையும் அவ்வரைபடத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

இங்ஙனம் முடிவுசெய்து அவர் பொறியாளரிடம் செல்வாராயின், ஒன்று நேரும். தெருப்பக்கத்து நான்கடி வீணாகின்றதென்று கூறி, திண்ணையை நீக்கி அவ்விடத்தில் உந்துவண்டி நிறுத்த இடம் வரைந்து கொடுப்பார் அவர். அவ்வரைபடத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்து, திண்ணையோடு வேறொன்று வரையச் சொல்லிவிட்டு ஆசிரியர் கோயிலுக்குப் புறப்படலாம். அதற்குப் பொழுது இருக்கும்.